இங்கிலாந்தின் கிராமங்களில் வளர்ந்தவர்கள், உழைத்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். நான் கவனித்துக்கொள்பவர்களில் பலர் 1930களில் கிராமத்தில் பிறந்து, பண்ணையிலோ பிறர் வீட்டிலோ வேலை செய்து வாழ்ந்தவர்கள். அவர்கள் சொன்னதையும், அதற்கு முந்தைய தலைமுறை எழுதிவைத்ததையும் பற்றி நண்பர்களும் சொந்தக்காரர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரும்பாலும் 1930 முதல் 1960கள் வரை. பெரியவர்கள் தங்கள் தாத்தா பாட்டி கதையையும் சேர்த்தே சொல்வதால் 1870 வரைகூடப் போகும். இடம் நார்ஃபோக், சஃபோக் பக்கம். கோதுமை, பார்லி, சர்க்கரை பீட் விளையும் சமவெளி. யார்க்‌ஷயர் மலையில் ஆடு மேய்த்தவர்களின் நினைவும், கார்ன்வால் கரையில் மீன் பிடித்தவர்களின் நினைவும் வேறு மாதிரி. ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது.

அந்தக் கிராமங்களில் யார் யார் இருந்தார்கள்?

உச்சியில் நிலத்தின் சொந்தக்காரர், பல இடங்களில் ஒரு பிரபு குடும்பம். வடக்கு நார்ஃபோக்கில் ஹோல்கம் எஸ்டேட்டைச் சுற்றிய ஊர்கள் லெஸ்டர் பிரபுவுக்குச் சொந்தம். சாண்ட்ரிங்கம் பக்கம் அரச குடும்பத்துக்கு. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் பண்ணைக்காரர். அவரிடம் வாரக் கூலிக்கு வேலை செய்தவர்கள்தான் ஊரில் அதிகம். அப்புறம் பாதிரியார், பள்ளி ஆசிரியை, கொல்லர், கடைக்காரர், மதுக்கடைக்காரர். தெருவில் பிரபு வீட்டு அம்மாள் வந்தால் சிறுமிகள் முழங்காலை மடக்கி வணங்க வேண்டும், பையன்கள் தொப்பியைத் தொட வேண்டும். வணங்காவிட்டால் அன்று சாயங்காலமே அப்பாவின் காதுக்குச் செய்தி போய்விடும்.

படங்களில் அழகாகத் தெரியும் அந்தச் சின்ன வீடுகள் அவர்களுடைய சொந்த வீடுகளா?

இல்லை. என்னைக் கேட்டால், இந்த நினைவுகளைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

கூலியாட்களில் பலர் இருந்தது வேலையோடு சேர்ந்த வீட்டில். பண்ணையில் வேலை இருக்கும்வரை வீடு; வேலை போனால் வீடும் போய்விடும். உடம்புக்கு முடியாமல் போனாலும், வயதானாலும், குடும்பத் தலைவர் இறந்துபோனாலும் அதே கதிதான். அடுத்த ஆளுக்கு வீடு வேண்டும் என்று பண்ணைக்காரர் சொல்லிவிடுவார். சில வாரத்தில் சாவியைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நீதிமன்ற உத்தரவோடு வந்து சாமான்களை எடுத்துச் சாலையோரம் வைத்துவிடுவார்கள். கட்டில், மேசை, குழந்தைத் தொட்டில் எல்லாம் புல்மேல் கிடப்பதைக் காட்டும் பழைய புகைப்படங்கள் இன்னும் இருக்கின்றன.

இதனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூலி குறைவு என்று வாய் திறக்க முடியாது. சங்கத்தில் சேர்ந்தால் ரகசியமாகத்தான் சேர வேண்டும். தேர்தலில் யாருக்கு ஓட்டு என்றுகூட வெளியில் பேச மாட்டார்கள். கூரை ஒழுகினாலும், சுவர் ஈரம் ஊறிக் கறுத்தாலும் புகார் சொல்ல யோசிப்பார்கள். 'அப்பா வீட்டில் பேசவே மாட்டார்' என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் அதை அப்பாவின் சுபாவம் என்றுதான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வந்தது.

பண்ணைத் தொழிலாளர் சங்கம் இந்த ஏற்பாட்டை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் போராடியது. வேலை போனாலும் குடும்பத்தைச் சுலபமாக வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்தது 1976இல்தான். அதற்கு முன் ஒரு குடும்பம் நிம்மதியாக மூச்சுவிட வேண்டுமென்றால் உள்ளாட்சி மன்றம் கட்டிய வாடகை வீடு கிடைக்க வேண்டும். 1945க்குப் பிறகு கிராம ஓரங்களில் அப்படி நிறைய வீடுகள் எழுந்தன. பார்க்க ஒரே மாதிரியாக, செங்கல் பெட்டிபோல இருக்கின்றன என்று வெளியூர்க்காரர்கள் குறை சொல்வார்கள். அதில் குடியேறியவர்களிடம் கேட்டால் சாவி கையில் கிடைத்த கிழமையைக்கூடச் சொல்வார்கள்.

பிள்ளைகள் எத்தனை வயதில் வேலைக்குப் போனார்கள்?

தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. ஜார்ஜ் எட்வர்ட்ஸ் 1850இல் நார்ஃபோக்கின் மார்ஷம் கிராமத்தில் பிறந்தவர். பசித்த பிள்ளைகளுக்காகச் சில டர்னிப் கிழங்குகளை வயலிலிருந்து எடுத்து வந்ததற்கு அவருடைய அப்பா சிறைக்குப் போனார். குடும்பம் ஏழைகள் விடுதியில் அடைபட்டது. எட்வர்ட்ஸ் ஆறு வயதில் வயலில் காக்கை விரட்டப் போனார். பள்ளிக்கே போகாத அவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு மனைவி ஷார்லட்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அதே மனிதர் 1906இல் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, 1920இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

காக்கை விரட்டுவது என்றால் விளையாட்டு மாதிரித் தோன்றும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஒரு பிள்ளை தனியாக, மரக் கட்டைகளைத் தட்டிக் கத்திக்கொண்டே வயலைச் சுற்றி நடக்க வேண்டும். மழைக்கு ஒதுங்க வேலியோரம்தான். உழுத நிலத்தில் கல் பொறுக்குவது இன்னொரு வேலை. பொறுக்கிய கல் சாலை போடப் போகும், அளவுக்கு ஏற்பச் சில காசு கிடைக்கும்.

நான் பேசுகிறவர்கள் காலத்தில் 14 வயதுவரை பள்ளி கட்டாயம். 1947இல் அது 15 ஆனது. வெள்ளிக்கிழமை பள்ளியை விட்டு, திங்கட்கிழமை காலை பண்ணை வாசலில் நின்றவர்கள் ஏராளம்.

பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?

ஒன்று அல்லது இரண்டு அறை. நடுவில் கரி அடுப்பு. குளிர்காலத்தில் பால் புட்டிகள் உறைந்துபோய் வரும், அவற்றை அடுப்பைச் சுற்றி வைத்து உருக்குவார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு முகம் வேகும், கடைசி வரிசையில் விரல் விறைக்கும். 11 வயதில் ஒரு தேர்வு. தேறியவர்கள் டவுனில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகலாம். தேறிய பிறகும் சீருடை வாங்கப் பணமில்லாமல் போகாதவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எண்பது வயது தாண்டியும் அது அவர்களுக்கு ஆறவில்லை.

பள்ளி என்றால் பர்ஸ்டன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நார்ஃபோக்கில் சின்ன ஊர் அது. ஆசிரியர்களான டாம் ஹிக்டன், ஆனி ஹிக்டன் தம்பதி கூலியாட்களின் பிள்ளைகளை மரியாதையாக நடத்தினார்கள். டாம், கூலியாட்களை ஊர் மன்றத் தேர்தலில் நிற்கவைத்து ஜெயிக்கவும் வைத்தார். பாதிரியாருக்கும் பண்ணைக்காரர்களுக்கும் அது பொறுக்கவில்லை. இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1914 ஏப்ரல் 1 அன்று, பள்ளியில் படித்த 72 பிள்ளைகளில் 66 பேர் வெளியே வந்து கொடி பிடித்து ஊரைச் சுற்றி வந்தார்கள். எங்கள் ஆசிரியர்கள் திரும்ப வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தேவாலய நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த சிலரிடமிருந்து பாதிரியார் நிலத்தைப் பிடுங்கினார். ஊர் அசையவில்லை. முதலில் புல்வெளியில் பாடம் நடந்தது. பிறகு நாடெங்கும் தொழிற்சங்கங்கள் அனுப்பிய பணத்தில் 1917இல் தனிக் கட்டடமே எழுந்தது. டாம் 1939இல் இறக்கும்வரை, 25 ஆண்டுகள் அந்தப் பள்ளி நடந்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம்.

பண்ணை வேலையில் யாருக்கு மதிப்பு அதிகம்?

குதிரைக்காரருக்கு. டிராக்டர் வருவதற்கு முன் பண்ணையே குதிரையை நம்பித்தான். காலை நான்கு, ஐந்து மணிக்கே லாயத்துக்குப் போய்த் தீனி வைக்க வேண்டும். வயிறு நிறையத் தின்று முடித்தால்தான் குதிரை நாள் முழுக்க இழுக்கும். லாயத்தை விட்டு வெளியே வருவதற்கும் வரிசை உண்டு. தலைமைக் குதிரைக்காரர் முதலில், அவருக்குப் பின் இரண்டாமவர், கடைசியில் பொடியன். யாரும் முந்தக் கூடாது. சாயங்காலம் திரும்பும்போதும் அதே வரிசை.

இரண்டு குதிரை, ஒரு ஏர், ஒரு ஆள்: ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் உழுவார்கள். அதற்கு அந்த ஆள் உழுத மண்ணில் ஏறக்குறைய 11 மைல், அதாவது கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் நடந்திருப்பார். சால் நேராக இருப்பதுதான் கௌரவம். ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு அடுத்தவர் உழுத வயலைப் பார்த்துவர நடப்பார்கள். ஒரு சால் கோணலாகப் போயிருந்தால் வாரம் முழுக்கப் பேச்சு அதுதான். தங்கள் குதிரையின் உடம்பு பளபளக்க என்ன மூலிகை கொடுக்கிறார்கள் என்பதைச் சிலர் சொந்த மகனைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

இந்தப் பக்கம் ஏர் இழுத்த செம்பழுப்புக் குதிரை இனத்துக்குச் சஃபோக் பஞ்ச் என்று பெயர். காலில் ரோமம் குறைவு, அதனால் களிமண் ஒட்டாது. டிராக்டர் வந்த வேகத்தில் இனமே அழியும் நிலைக்குப் போனது. 1966இல் பதிவான குட்டிகள் ஒன்பதுதான்.

எல்லாரும் வெறுத்த வேலை எது?

சந்தேகமே இல்லாமல் சர்க்கரை பீட் அறுவடை. 1912இல் நார்ஃபோக்கின் கேன்ட்லியில் ஆலை வந்ததிலிருந்து இந்தப் பயிர் பரவியது. அறுவடை இலையுதிர் காலத்தில் தொடங்கிக் கடுங்குளிர்வரை நீளும். ஏர் மண்ணை நெகிழ்த்திவிட்டுப் போகும். பின்னால் ஆள் குனிந்து, கைக்கு ஒரு கிழங்காக இரண்டைப் பிடுங்கி, ஒன்றோடொன்று மோதி மண்ணை உதறி, வரிசையாகப் போட வேண்டும். பிறகு நுனியில் முள் வைத்த சின்ன வெட்டரிவாளால் கிழங்கைக் குத்தித் தூக்கி, இடது கையில் பிடித்து, ஒரே வெட்டில் தலை இலையைச் சீவ வேண்டும். என் பராமரிப்பில் இருந்த ஒருவர் இதை மேசைக் கரண்டியை வைத்து எனக்குச் செய்து காட்டினார். குத்து, தூக்கு, வெட்டு, எறி. கை நடுக்கம் உள்ளவர், ஆனால் அந்த நான்கு அசைவிலும் நடுக்கமே இல்லை. இடது கட்டைவிரலின் நுனி அவருக்குக் கிடையாது.

சாக்குப் பையை இடுப்பிலும் காலிலும் சணல் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். இலையில் பனி உறைந்திருக்கும். பிடுங்கிய வரிசை நீளத்துக்குக் கூலி என்பதால் யாரும் நிற்க மாட்டார்கள். 'காலை முதல் வரிசையில் கை வலிக்கும், இரண்டாவதில் கையே தெரியாது' என்றார் அவர்.

பெண்கள் என்ன செய்தார்கள்?

வயல் வேலையும் செய்தார்கள், வீட்டையும் பார்த்தார்கள். பட்டாணி பறிப்பு, களை எடுப்பு, உருளைக்கிழங்கு பொறுக்குவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். பழைய தலைமுறையில் அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் வழக்கமும் இருந்தது. அது ஏழைகளின் உரிமை அல்ல என்று 1788இலேயே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது; ஆனாலும் கிராமங்களில் அடுத்த நூறு ஆண்டுக்கு மேல் அது நடந்தது. வயலில் ஒரு கதிர்க்கட்டு நின்றால் இன்னும் இறங்கக் கூடாது என்று அர்த்தம். கட்டை எடுத்ததும், சில ஊர்களில் தேவாலய மணி அடித்ததும், எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பொறுக்கிய தானியம் குளிர்கால ரொட்டிக்கு ஆகும்.

பெண்பிள்ளைகள் 13, 14 வயதில் பெரிய வீட்டுக்கு வேலைக்காரியாகப் போனார்கள். தகரப் பெட்டி ஒன்று, காலைக்கு அச்சடித்த துணிக் கவுன், மதியத்துக்குக் கறுப்பு உடை, வெள்ளை மேலாடை. பல வீடுகளில் அதைக்கூடத் தங்கள் செலவில்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். சில வீடுகளில் சொந்தப் பெயரும் கூடாது. எஜமானியம்மாளுக்கு வசதியான பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

என்ன சாப்பிட்டார்கள்?

ரொட்டி, உருளைக்கிழங்கு, தோட்டத்துக் காய்கறி, முயல், அப்புறம் வீட்டுப் பன்றி. தோட்டத்து மூலையில் ஒரு பன்றியை வளர்ப்பார்கள். மீந்த சோற்றுப்பண்டம், பொடி உருளைக்கிழங்கு, பார்லி மாவு எல்லாம் அதற்கு. குளிர் தொடங்கியதும் வெட்டி, தொடைகளை உப்பிட்டுத் தொங்கவிட்டால் பல மாதத்துக்கு வரும். ஈரல் போன்ற உடனே கெடுகிற பகுதிகளைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அந்தத் தட்டைக் கழுவாமல்தான் திருப்பித் தர வேண்டும். கழுவினால் உப்பிட்ட இறைச்சி கெட்டுப்போகும் என்று நம்பிக்கை. அடுத்த மாதம் அந்த வீட்டில் பன்றி வெட்டும்போது தட்டு இங்கே வரும்.

கதிர் அறுக்கும் இயந்திரம் வயலைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் கொஞ்சம் மிஞ்சும்போது, அதில் ஒளிந்திருந்த முயல்கள் எல்லாம் வெடித்து ஓடும். பையன்கள் தடியோடு காத்திருப்பார்கள். 1953இல் முயல்களுக்கு ஒரு கொள்ளை நோய் வந்தது. அதோடு பலர் முயல் கறியையே விட்டுவிட்டார்கள்.

தண்ணீர், மின்சாரம், கழிப்பறை?

கிணறு அல்லது தெருக் குழாய். மண்ணெண்ணெய் விளக்கு. தோட்டத்துக் கடைசியில் எடுப்புக் கக்கூஸ். வாளியை அப்பா இருட்டியபின் தோட்டத்தில் குழி வெட்டிக் கொட்டுவார். பல கிராமங்களுக்கு மின்சாரமும் வீட்டுக் குழாயும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தன.

போர்க்காலம் கிராமத்தை மாற்றியதா?

ரொம்பவே. 1939 செப்டம்பர் முதல் நாட்களில் நகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகள், கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊர்ப் பொது மண்டபத்தில் வரிசையாக நிற்கவைத்து, உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசிவரை யாரும் தேர்ந்தெடுக்காமல் நின்றவர்களுக்கு அது வாழ்நாள் நினைவு. பண்ணை வேலைக்கென்றே திரட்டிய பெண்கள் படை வயலில் இறங்கியது, உச்சத்தில் 80,000க்கு மேல். இத்தாலியப் போர்க்கைதிகளும் பிறகு ஜெர்மானியரும் பீட் பிடுங்கினார்கள். சிலர் இங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள். பார்லி வயல்களை விமானத்தளமாக்கி அமெரிக்கர்கள் வந்தார்கள். அவர்கள் கொடுத்த சூயிங்கம்மைப் பற்றிப் பேசாத பெரியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு கஷ்டத்தில் யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். 1872 பிப்ரவரியில் வாரிக்‌ஷயரின் வெல்ஸ்போர்னில், ஒரு மரத்தடியில் விளக்கு வெளிச்சத்தில் பேசி, ஜோசப் ஆர்ச் பண்ணைத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். 1884 சட்டத்தால் கிராமத்துக் கூலியாட்களுக்கு ஓட்டுக் கிடைத்ததும், அடுத்த ஆண்டே நார்ஃபோக்கின் வடமேற்குத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. ஆர்ச்சும் எட்வர்ட்ஸும் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையில் பிரசங்கம் செய்தவர்கள். கூட்டத்தின் முன் எழுந்து பேசும் துணிவு அவர்களுக்கு அந்தச் சின்ன ஜெபக்கூடங்களில் கிடைத்தது.

முதல் உலகப் போரில் உணவு தேவைப்பட்டபோது அரசு குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. 1920இல் அது வாரம் 46 ஷில்லிங். அடுத்த ஆண்டே அரசு அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. கூலி பாதிக்குச் சரிந்து, 1923இல் நார்ஃபோக்கில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. வாரம் 50 மணி நேரத்துக்கு 25 ஷில்லிங் என்று முடிந்தது. பெரிய வெற்றி இல்லை, ஆனால் அடுத்த ஆண்டு கூலி வாரியங்கள் திரும்பி வந்தன. அதில் கலந்துகொண்ட பலரைப் பண்ணைகள் மறுபடி சேர்க்கவில்லை. அப்பாக்கள் அப்படி வேலையில்லாமல் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் காலமே நன்றாக இருந்தது என்றா சொல்கிறார்கள்?

சிலர் சொல்வார்கள். அவர்கள் ஏங்குவது பெரும்பாலும் சேர்ந்து வேலை செய்ததற்காக. அறுவடைக்கு வயலில் இருபது பேர் இருந்த இடத்தில் இன்று ஒருவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறார். பள்ளி மூடியது, கடை மூடியது, கூலியாள் வீட்டை நகரத்துக்காரர்கள் வார இறுதிக்கு வாங்கிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதே ஊரில் வீடு வாங்க வழியில்லை. இந்த வருத்தம் நியாயமானது. ஆனால் திரும்பிப் போவீர்களா என்று கேட்டால் பெண்கள் ஒருவர்கூட ஆம் என்று எனக்குச் சொன்னதில்லை. திங்கட்கிழமை விடியலில் செப்பு அண்டாவுக்குத் தீ மூட்டி, கிணற்றுத் தண்ணீர் சுமந்து துணி வெளுத்த கைகள் அவை.

இந்த நினைவுகளை எவ்வளவு நம்பலாம்?

ஆண்டுக் கணக்கில் தவறு வரும். கோடை எல்லாம் வெயிலாகவும் குளிர்காலம் எல்லாம் கடும் பனி கொட்டிய 1947 போலவும் இருக்கும். ஆனால் முதல் வாரக் கூலி எவ்வளவு, அதில் அம்மாவிடம் கொடுத்தது எவ்வளவு என்பதில் நான் தடுமாற்றத்தைப் பார்த்ததில்லை. பள்ளிப் பதிவேடு, ஊர் மன்றக் குறிப்பேடு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் தெளிவாகும்.

நானும் ஒரு பெரியவரிடம் கேட்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

இதற்கு ஜார்ஜ் எவார்ட் எவன்ஸ் நல்ல வழிகாட்டி. வேல்ஸ்காரர், மனைவிக்குப் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்ததால் சஃபோக்கின் பிளாக்ஸ்ஹாலில் குடியேறி, பக்கத்து வீட்டு மேய்ப்பர்கள், குதிரைக்காரர்களின் பேச்சைக் கேட்டு எழுதிவைத்தார். பின்னாளில் ஒலிப்பதிவும் செய்தார். அந்தப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவர் கேட்டதெல்லாம் வேலையைப் பற்றித்தான்.

'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'ரொம்பக் கஷ்டம்' என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கையில் என்ன கருவி, சாப்பாட்டை எதில் கட்டிக்கொண்டு போனீர்கள், வீடு யாருடையது என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு பழைய கருவியை, குறைந்தபட்சம் அதன் படத்தை, கையில் கொடுங்கள். ரெடிங் நகரில் 1951இல் தொடங்கிய கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட பொருட்கள் ஏராளம். பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி வாங்குங்கள். ஆண்டைத் தப்பாகச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள், அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம். களைப்பாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு, மறுநாள் போங்கள்.